பெயின்ட் அடித்த துத்தநாகம்

யெர்க்கோ கப்பல்களில் இயந்திரம் பார்த்து ஓய்வு பெற்றவன். எங்கள் அத்ரியாட்டிக் தீவில் மற்றவர்களெல்லாம் மரப்படகோ ஃபைபர் படகோ வைத்திருக்க, அவன் மட்டும் இரும்புத் தகடுகளைப் பற்றவைத்துத் தனக்கொரு படகு கட்டினான். அவன் மனைவி லூட்சே அதில் ஏறினால் உறங்கிவிடுவாள். வீட்டில் புரண்டு புரண்டு படுப்பவளுக்கு, படகின் கீழறைக் கட்டிலில் தலை வைத்ததும் உலகம் கரைந்துபோகும்.

அவளுக்காகவே அவன் செம்புத் தகட்டில் ஒரு கடற்கன்னியை வெட்டினான். அவள் படுக்கிற பக்கமாகப் படகின் வெளிப்புறத்தில், நீர்மட்டத்துக்குக் கீழே, திருகாணி போட்டு முடுக்கினான். நீ தூங்கும்போது இவள் விழித்திருப்பாள் என்றான். கோடையில் லூட்சே மூழ்கிப் போய்ப் பார்ப்பாள். செம்பென்றால் உப்புத்தண்ணீரில் பச்சை ஏறும். இவளோ வருடம் திரும்பியும் அன்று வெட்டியதுபோலச் சிவந்தே இருந்தாள். நீலத்துக்குள்ளிருந்து அந்தச் சிவப்பு மெல்ல அசைந்து வருவதைப் பார்த்தபடி, மூச்சு முட்டும்வரை லூட்சே கீழேயே மிதப்பாள்.

மூன்றாவது இலையுதிர் காலத்தில், திராட்சை அறுவடை முடிந்ததும், இருவரும் அடுத்த தீவிலிருந்த லூட்சேயின் தங்கை வீட்டுக்குப் புறப்பட்டார்கள். காற்றே இல்லாத மதியம். கடல் எண்ணெய் ஊற்றியதுபோலக் கிடந்தது. கீழறையில் உறங்கிய லூட்சேயின் கனவில் யாரோ குளிர்ந்த விரல்களால் அவள் கையைப் பிடித்து எங்கோ அழைத்துப் போனார்கள். போகத்தான் பிடித்திருந்தது. கண் விழித்தபோது, கட்டிலுக்கு வெளியே தொங்கிய கை தண்ணீருக்குள் இருந்தது. அவளுடைய செருப்புகள் அறையைச் சுற்றி நிதானமாக மிதந்துகொண்டிருந்தன.

கட்டிலோரப் பலகையை அகற்றிப் பார்த்தாள். கட்டைவிரல் நுழையும் ஓட்டை. கயிறு திரித்ததுபோல் கடல் உள்ளே வந்துகொண்டிருந்தது. தலையில் கட்டியிருந்த துணியைத் திணித்தாள். ஓட்டையின் ஓரம் ரொட்டிப் பொருக்குபோல உதிர்ந்து பெரிதானது.

“யெர்க்கோ, படகத் திருப்பு,” என்றாள். “திணிச்சா உடையுது. நான் கைய வெச்சுப் பிடிச்சுக்கறேன்.”

துணியை மடித்து வைத்து அதன்மேல் உள்ளங்கையை விரித்து, அழுத்தாமல், விடாமல் பிடித்துக்கொண்டாள். மேலே யெர்க்கோ சுக்கானை முழங்காலால் அணைத்தபடி கைப்பம்பை அடித்தான். உயிரோடிருக்கிறாளா என்று நொடிக்கொரு தரம் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். அவளுக்குப் பயம் வரவேண்டிய நேரம், வரவில்லை. உள்ளங்கையில் கடல் துடித்தது. கன்றுக்குட்டி மூக்கால் முட்டுவதுபோல இருந்தது என்று பிறகு என்னிடம் சொன்னாள். துறைமுகம் வந்த பிறகும் அவளால் விரல்களை மடக்க முடியவில்லை.

எங்கள் ஊரில் படகுகளைக் கரையேற்றிப் பழுது பார்ப்பவள் டோன்கா. கடற்கன்னியைச் சுற்றிச் சுத்தியலால் தட்டினாள். நல்ல இரும்பு மணிபோல ஒலிக்கும். இங்கே அட்டையைத் தட்டிய சத்தம். திருகாணி இருந்த இடங்களில் பெயின்ட் விட்டுப்போய், தகடு சல்லடையாகியிருந்தது.

பிறகு படகின் அடியில் பற்றவைத்திருந்த துத்தநாகக் கட்டிகளைப் பார்த்தாள். உப்புத்தண்ணீரில் செம்பும் இரும்பும் ஒட்டியிருந்தால் செம்பு புதிதாகவே இருக்கும், இரும்புதான் கரையும். துத்தநாகமும் சேர்ந்திருந்தால் இரும்பை விட்டுவிட்டு அது கரையும். இது யெர்க்கோவுக்கும் தெரியும். ஆனால் அழுக்கு நிறமாகத் தெரிந்த அந்தக் கட்டிகளை அவனால் பொறுக்க முடியவில்லை. படகோடு படகாக அவற்றுக்கும் நீலப் பெயின்ட் அடித்திருந்தான். பெயின்ட் மூடித் தண்ணீர் படாவிட்டால் அவை வெறும் பாரம்.

“புதுசா அப்படியே இருக்கே அண்ணே,” என்றாள் டோன்கா. “கல்யாணத்துக்கு வந்த மாமியாரு மாதிரி ஒரு வேலையும் செய்யாம அலங்காரமா உக்காந்திருக்கு.”

யெர்க்கோ சிரிக்கவில்லை. படகைப் பழைய இரும்புக்குப் போட்டுவிடப் போவதாகச் சொன்னான். உன்னை மூழ்கடித்திருப்பேன், என் கையாலேயே, என்றான் லூட்சேயிடம்.

“அத மூடிப் பிடிச்சது நானு,” என்றாள் லூட்சே. “விக்கிறதா வேணாமான்னு நான்தான் சொல்லணும். எனக்கு நீ ஏதாவது குடுக்கணும்னா, நல்லாத் தூங்குற மாதிரி ஒரு படகு குடு.”

அரித்த தகட்டை வெட்டியெடுத்துப் புதியதைப் பற்றவைத்தார்கள். மணலை வீசியடித்து இரும்பை வெள்ளி நிறத்துக்குக் கொண்டுவந்து, ஈரம் படுவதற்குள் துருப் பிடிக்காமலிருக்க எபாக்ஸிப் பூச்சு பூசினார்கள். புதிய துத்தநாகக் கட்டிகளை டோன்கா பொருத்தும்போது லூட்சே தூரிகையைக் கணவன் கைக்கு எட்டாமல் வைத்துக்கொண்டாள். கழற்றிய கடற்கன்னி அவர்கள் வீட்டு அத்திமரத்தில் தொங்கினாள். மழை இரண்டு பெய்ததும் கருத்து, நாளாக நாளாகப் பச்சையானாள்.

அடுத்த வசந்தத்தில் படகைக் கரையேற்றியபோது கட்டிகள் பாதியாகிவிட்டிருந்தன. கடற்பஞ்சுபோல ஓட்டை ஓட்டையாக, தொட்டால் மாவாக உதிர்ந்தன. யெர்க்கோ அருகில் உட்கார்ந்து வருத்தத்தோடு தடவிப் பார்த்தான். சுற்றியிருந்த இரும்பில் ஒரு துளித் துருகூட இல்லை. லூட்சே டோன்காவின் சுத்தியலை வாங்கித் தட்டிப் பார்த்தாள். மணிபோல ஒலித்தது. இன்னொரு இடத்தில் தட்டினாள். பிறகு, யாரும் கேட்காமலே, முன்பக்கத்திலிருந்து பின்பக்கம்வரை தட்டிக்கொண்டே நடந்தாள். மாலைவரை துறைமுகத்தில் அந்த ஓசை கேட்டது. யாரும் அவளை நிறுத்தச் சொல்லவில்லை.