இருபத்துமூன்றாம் டோக்கன்

ஐந்து ஐம்பத்தாறு. இன்னும் பதினோரு டோக்கன் பாக்கி.

சோப்புத் தகரத்துக்குள் கைவிட்டு அள்ளினேன். பதினெட்டு. ஐந்து. முப்பது. சுவர்ப் பலகையில் எண் பார்த்து ஆணி ஆணியாக மாட்டினேன். மாடிப்படியில் செருப்புச் சத்தம். சூப்பர்வைசர் ‘கண்ணாடி’ இறங்கிக்கொண்டிருந்தார். கடைசியாக இருபத்துமூன்று. கை தவறி அது தரையில் விழுந்து உருண்டது. பாய்ந்து பொறுக்கி மாட்டவும் சங்கு ஊதவும் சரியாக இருந்தது.

எங்கள் சலவை ஆலையில் ஆறு மணிக்கு ஆணியில் டோக்கன் இல்லையென்றால், சாயங்காலம் வரை முதுகொடிய உழைத்தாலும் அன்று நீ வரவில்லை. அதற்கு நாங்கள் கண்டுபிடித்த வழி அந்தத் தகரம். முப்பத்தொரு பெண்களும் டோக்கனை அதில் போட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போவோம். விரிப்புகளைத் தேய்க்கும் ரோலரைச் சூடேற்ற ஐந்து மணிக்கே வருகிறவள் நான். எல்லோருக்கும் நானே மாட்டுவேன். பிடிபட்டால் முப்பத்தொரு சீட்டும் கிழியும்.

மூன்று வாரமாக இருபத்துமூன்றை எடுத்தாலே கை தவறிவிடுகிறது.

ஆறேகாலுக்கு அந்த எண்ணுக்குரியவள் ஓடிவந்தாள். இடுப்பில் ஆறு வயது மகள், தோளில் காகிதங்கள் பிதுங்கும் பை. ஆலை இரைச்சலையும் மீறும் குரல் என்பதால் அவளுக்குச் ‘சைரன்’ என்று பெயர். அவள் வாயில் விழாதவர் இங்கே கிடையாது. நானும் விழுந்திருக்கிறேன்.

இன்று அந்தக் குரலில் காற்று இல்லை.

“என்னாச்சுடி?” என்றாள் கொதிதொட்டியைக் கிளறிக்கொண்டிருந்த பெரியக்கா.

“ஏழாவது தடவை திருப்பி அனுப்பிட்டாங்கக்கா.”

குட்டியை மடித்த விரிப்புகளின் மேல் சாய்த்தாள். வளைந்த முதுகெலும்பு நுரையீரலை அமுக்குவதால் ஒவ்வொரு மூச்சும் விசில் போட்டது. வியாழக்கிழமை ஆபரேஷன். அதற்குள் அரசு மருத்துவ அட்டை வேண்டும். இந்தத் தேதி போனால் அடுத்தது ஒரு வருடம் கழித்து. அதுவரை மூச்சு தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

“முதல்ல போட்டோவுல இவ தலை நேரா இல்லைன்னாங்க. அப்புறம் கைரேகை. விரல் விரியலைன்னா மிஷின் எடுக்காதும்மான்னான் கவுன்டர்காரன். விரிஞ்சா நான் எதுக்குங்க இங்க வரேன்னு கேட்டேன்.”

யாரோ சிரித்தார்கள். சைரன் சிரிக்கவில்லை.

“நேத்து எல்லாம் சரியாயிடுச்சு. கடைசியா ஆலைப் பதிவைப் பார்த்தான். விடாம தொண்ணூறு நாள் வேலை செஞ்சிருக்கணுமாம். மூணு வாரம் முன்னாடி ஒரு நாள் நான் வரலையாம். மறுபடி ஒண்ணுலேருந்து எண்ணணும்கிறான். நான் எந்த நாள்க்கா வரல?”

ரோலருக்குள் விரிப்பைச் செலுத்திக்கொண்டிருந்தேன். குளோரின் கண்ணைக் கரித்தது. நல்லவேளை, கண்ணீருக்கு ஒரு காரணம் இருந்தது. அட்டை இல்லாமல் குட்டியைச் சேர்க்க மறுக்கும் அதே ஆஸ்பத்திரியின் விரிப்புகளைத்தான் நாங்கள் வெளுத்துக்கொண்டிருந்தோம்.

எல்லோரும் முதலாளி அறைக்குப் போனோம்.

“என்ன ஊர்வலம்?”

“அன்னைக்கு நான் வேலை செஞ்சேன்னு ஒரு கடுதாசி கொடுங்க முதலாளி.”

“டோக்கன் இல்ல. நீ வரல.”

“அப்ப நானூறு விரிப்பு மடிச்சது பேயா?”

“பேய்க்கு நான் டோக்கன் கொடுக்கல.” தன் நகைச்சுவையில் அவரே மயங்கினார். “தொண்ணூறு நாளாச்சுன்னா ஆளாளுக்குச் சட்டம் பேசுவீங்க. உன் டோக்கனை நீ மாட்டலைன்னா யார் தப்பு?”

ஒரு வார்த்தை சொன்னால் போதும், தகரம் அம்பலமாகிவிடும். சைரன் எங்களைத் திரும்பிப் பார்த்தாள்.

“என் தப்புதாங்க. மறந்துட்டேன்.”

நான் மற்றவர்களுக்கு முன்பே கதவைத் தாண்டினேன்.

வெளியே வந்ததும் பெரியக்கா நேராகப் போய் நீராவி வால்வைத் திருகி மூடினாள். ரோலர் பெருமூச்சுவிட்டு நின்றது.

“பெத்த புள்ள உயிர் ஊசலாடுது. நம்ம பிழைப்புக்காக வாயை மூடிக்கிட்டா. அதைப் பார்த்துட்டு விரிப்பு வெளுக்க என்னால முடியாதுடி. கவுன்டர்ல வேற வழி எதுவும் சொல்லலையா?”

“கூட வேலை செஞ்சவங்க நேர்ல வந்து, ஏன் டோக்கன் விழலைன்னு எழுதிக் கொடுத்தா மேல அனுப்புவாங்களாம். நான்தான் உங்ககிட்டச் சொல்லல. தகரத்தைப் பத்தி எழுத வேண்டி வருமேக்கா.”

“எழுதுவோம்.”

ஆணிகளிலிருந்த டோக்கன்களை எல்லாம் கழற்றி, தகரத்தோடு கொண்டுபோய் முதலாளி மேசையில் கொட்டினாள். சலசலவென்று சிதறின.

“தினமும் இதை ஒருத்திதான் மாட்டுறா. எல்லாருக்காகவும். இதைச் சொல்லத்தான் போறோம்.”

“வாசலைத் தாண்டினா ஒருத்திக்கும் வேலை கிடையாது!”

“அப்ப நாளைக்கு ஆஸ்பத்திரி விரிப்பை நீங்களே மிதிச்சுத் துவைங்க.”

முப்பத்தொரு பேரும் ஈரப் பாவாடையோடு தெருவில் நடந்தோம். சைரன் என் பக்கம் வந்தாள்.

“பயப்படாத ரோலர்க்கா. மறந்துட்டேன்னு சொல்லு, போதும். முப்பது டோக்கனுக்கு நடுவுல ஒண்ணு விட்டுப்போகாதா?”

அவள் திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அட்டை கொடுக்கும் அலுவலகத்தில் எங்கள் வரிசை கவுன்டரிலிருந்து வாசல்படி தாண்டி நீண்டது. கவுன்டர்காரர் எழுந்து நின்று எட்டிப் பார்த்தார். “இவ்ளோ பேரா? எழுதி மேல அனுப்புறேன். முடிவு என் கையில இல்ல.”

“அனுப்புங்க. பதில் வர்ற வரைக்கும் இங்கதான் இருக்கப் போறோம்” என்று பெரியக்கா தரையில் உட்கார்ந்தாள். பின்னால் ஒவ்வொருத்தியாக உட்கார்ந்தார்கள்.

“கொஞ்சம் பிடிக்கா, கையெழுத்துப் போடணும்.” சைரன் குட்டியை என்னிடம் கொடுத்தாள். விரியாத அந்தச் சின்னக் கை என் மார்பில் வந்து மோதியது.

“டோக்கன் மாட்டுறது யாரு?”

“நான்தான் சார்.”

“அன்னைக்கு ஏன் மாட்டல? மறந்துட்டீங்களா?”

தலையை ஆட்டினால் போதும். முப்பது பேரும் எனக்காக ஆமாம் போடத் தயாராக இருந்தார்கள்.

“மறக்கல சார்.”

சைரனின் பேனா நின்றது.

“அதுக்கு முதல்நாள் ஒரு விரிப்பைத் தீய்ச்சுட்டேன். இவ கிண்டல் பண்ணா. எல்லாரும் சிரிச்சாங்க. ஒரு நாள் போனாத்தான் இவளுக்குப் புத்தி வரும்னு நினைச்சேன்.” குட்டியின் மூடிய கையைப் பார்த்தேன். “இருபத்துமூணை எடுத்து, சங்கு ஊதி முடியுற வரைக்கும் இதே மாதிரி கைக்குள்ள மூடி வெச்சிருந்தேன்.”