ஆய்வகத்தைத் துடைத்த கதை

உயிர்மருத்துவப் பொறியியல் துறைத்தலைவி அந்த வாரம் முழுக்க நாட்காட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். இளநிலைப் படிப்பின் அங்கீகாரத்தைப் புதுப்பிக்க ஆய்வுக்குழு வருகிறது. அது கிடைக்காவிட்டால் துறையை மின்னணுவியல் துறையோடு சேர்த்துவிடப்போவதாக நிர்வாகம் சொல்லிவிட்டது. மின்னணுவியல் துறைத்தலைவர் வேறு யாருமில்லை, அவரைக் கட்டிய கணவர்தான்.

“வீட்டுலதான் நான் சொல்ற எதையும் நீ கேக்குறதில்ல. அங்கயாவது கேக்க வேண்டி வருமே,” என்றார் அவர், பல் துலக்கிக்கொண்டே. பூரிப்பில் நுரை சட்டையில் வழிந்ததுகூட அவருக்குத் தெரியவில்லை.

“லீவு கேட்டு உங்க முன்னாடி நிக்கறதுக்குப் பதிலா நான் வேலையையே விட்டுடுவேன்.”

அம்மையார் ஆய்வகத்தைத் துடைக்க ஆரம்பித்தார். சுவரே ஓர் அங்குலம் மெலிந்துபோகும் அளவுக்குத் துடைத்தார். மாணவர்கள் பிரித்துப் போட்டிருந்த இதயத்துடிப்பு மானிட்டர்கள், மருந்தேற்றும் பம்புகள், குடல் குடலாகத் தொங்கிய ஒயர்கள் எல்லாம் அட்டைப்பெட்டிகளில் அடைந்து கணவருடைய துறையின் காலி அறைக்குக் குடிபோயின. சாவி கணவரிடம். மேசைகளில் பிரிக்கப்படாத புதுக் கருவிகள் மட்டும் போட்டோவுக்கு நிற்பதுபோல் விறைத்து நின்றன. படிப்பின் நோக்கங்களை மாணவர்கள் உருப்போட்டிருந்தார்கள். கொட்டாவி விட்டால்கூட அதில் ஒரு நோக்கம் வெளியே விழுந்தது.

குழு வந்தது. குழுத்தலைவர் ஒல்லியான மனிதர். எந்தக் கருவியானாலும் பின்பக்கத்தைத்தான் முதலில் பார்த்தார். துறையே ‘ஸ்குரூ’ என்று கூப்பிடும் கடைசி ஆண்டு மாணவியிடம் கேட்டார்: “இந்தப் படிப்போட நோக்கம் என்னம்மா?”

“பட்டம் பெற்ற சில ஆண்டுகளுக்குள் எங்கள் பட்டதாரிகள் மருத்துவமனைகளின் தேவையை உணர்ந்து, பாதுகாப்பான கருவிகளை வடிவமைத்து…” அவள் மூச்சு விடாமல் கொட்டித் தீர்த்தாள்.

“நல்லது. இந்த மானிட்டரைத் திறந்து காட்டு.”

“தொடக்கூடாதுன்னு மேடம் சொல்லியிருக்காங்க சார்.”

குழுத்தலைவர் மேசையைத் தடவிப் பார்த்தார். ஒரு கீறல் இல்லை. பேனாவை மூடினார்.

“மேடம், இங்க யாராவது ஏதாவது செய்றாங்களா, மனப்பாடம் மட்டுந்தானா? நோக்கம்னு எழுதினா அதுக்கு ஆதாரம் வேணுமே.”

இருந்த ஆதாரத்தை எல்லாம் தன் கையாலேயே அள்ளி மூட்டை கட்டியது அப்போதுதான் துறைத்தலைவிக்கு உறைத்தது. இனி மானத்தைப் பார்த்தால் துறை மிஞ்சாது.

“ஆதாரம் இருக்கு சார். குப்பையா இருக்குன்னு பூட்டி வெச்சிருக்கேன். அடுத்த துறைல.”

குழு மொத்தமும் ஊர்வலமாகக் கணவர் அறைக்குப் போனது. அவர் சாவியைத் தேடினார். சட்டைப்பை, மேசை டிராயர், கண்ணாடிக் கூடு என்று அகழ்வாராய்ச்சியே நடந்தது.

“பின் பாக்கெட்டுங்க,” என்றார் துறைத்தலைவி, சுத்தமான வீட்டுக் குரலில். குழுவில் இருவர் தங்கள் பின் பாக்கெட்டையும் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள்.

கதவு திறந்ததும் பெட்டிகள் சரிந்தன. ஸ்குரூ ஒரு பம்பை வாரி எடுத்தாள். மனப்பாடம் மறந்து வாய் தானாகப் பேசியது.

“ஆஸ்பத்திரில எல்லா மிஷினும் ஒரே மாதிரி கத்துது சார். எந்தப் படுக்கைன்னு தெரியாம நர்ஸ் அக்கா ஓடுறாங்க. அதான் இதோட அலாரத்தை மாத்தினோம்.”

“உடனே சரியாயிடுச்சா?”

“எங்க சார். லேபுக்குக் கூட்டிட்டு வந்து கேக்க வெச்சோம். முதல் சத்தத்துக்கு அக்கா கைல இருந்த தட்டைக் கீழ போட்டுட்டாங்க. அப்புறம் குறைச்சோம், அவங்களுக்குக் கேக்கவே இல்ல. இது மூணாவது.”

குழுத்தலைவர் கோட்டோடு தரையில் உட்கார்ந்துவிட்டார். மற்றவர்களும் ஆளுக்கொரு பெட்டியைக் கவிழ்த்தார்கள். மதியச் சாப்பாட்டுக்கு அவர்களைக் கிளப்பக் கிரேன்தான் கொண்டுவர வேண்டியிருந்தது.

சில வாரங்களில் அங்கீகாரம் வந்தது. மாணவர் வேலை எப்போதும் கண்ணில் படும்படி இருக்க வேண்டும் என்ற ஒரு குட்டுடன்.

அன்று மாலை கணவர் கேட்காமலே தேநீர் போட்டுக் கொண்டுவந்தார்.

“அடுத்த வருஷம் எங்க துறைக்கும் குழு வருதாம்.”

“வரட்டுமே.”

“எங்க லேப் ரொம்பச் சுத்தமா இருக்கு. உன் பசங்களை அனுப்பிக் கொஞ்சம்…”

“கலைக்கணுமா?”

அவர் தலையாட்டினார்.

“ஒரே நாள்ல வராதுங்க. உங்க பசங்களைத் திறக்க விடுங்க, தானா கலையும்.”

“நீ வந்து சொன்னா கேப்பாங்க.”

“நீங்க கேப்பீங்களா?”

கணவர் தேநீர் டம்ளரை அவர் பக்கம் நீட்டினார்.