குரல் நிற்கும் இடம்

கார்களில் பாட்டுப்பெட்டி மாட்டும் மெக்கானிக்குக் கொஞ்ச நாளாக இடது காது மந்தம். மூடிய கார்களுக்குள் உட்கார்ந்து பேஸ் பெட்டிகளை அலறவிட்டுச் சோதித்ததன் கூலி. கடை, மனைவியின் தம்பியான மச்சானுடையது. காது கேட்காதவனுக்கு அங்கே என்ன வேலை? அதனால் யாரிடமும் சொல்லவில்லை. யார் பேசினாலும் அவர்கள் வலப்பக்கம் வருமாறு நின்றுகொள்வார். முடியாதபோது தலையாட்டி வைப்பார்.

ஒயர் இழுக்க யாராலும் முடியும். அவருக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது கடைசியில் ஒலியைச் சமன் செய்யும் வேலை. ஓட்டுபவர் ஸ்பீக்கர்களுக்கு நடுவில் உட்காருவதில்லை. வலது கதவு ஸ்பீக்கர் அவர் முழங்காலை ஒட்டி இருக்கிறது, மற்றது எட்டத்தில். பேலன்ஸை நடுவில் விட்டால் பாட்டு வலது கதவுக்குள்ளிருந்து வரும். இடப்பக்கம் கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளினால், ஓரிடத்தில் குரல் கதவை விட்டு நகர்ந்து, முன்கண்ணாடிக்கு நடுவில் வந்து நிற்கும். அந்த இடத்தை அவர் பாட்டுப்பெட்டியின் திரையைப் பார்த்து வைப்பதில்லை. கண்ணை மூடிக் காதால் பிடிப்பார்.

இப்போதெல்லாம் அதிகம் தள்ள வேண்டியிருந்தது. ஸ்பீக்கர்கள் மட்டமாகிவிட்டன என்று சொல்லிக்கொண்டார்.

அன்று ஒரு வாடிக்கையாளர் காரோடு திரும்பி வந்தார்.

"பக்கத்துல உக்காந்தா பொண்டாட்டிக்குக் காது கிழியுதாம். இத்தனை வருஷமா என் காதுதான் கிழிஞ்சுது. போகட்டும்னு விட்டுடலாமான்னு பார்த்தேன்."

"லெஃப்ட் ஸ்பீக்கர் மட்டம் சார். மாத்திடறேன்."

"போன வண்டிக்கும் இதையேதான் சொன்னீங்க மாமா," என்றான் மச்சான். "ஏறுங்க, கேட்டுப் பார்ப்போம்."

அவர் ஸ்டீரிங் முன் உட்கார்ந்தார். மச்சான் இடப்பக்கம் ஏறிக் கதவைச் சாத்தினான். பாட்டு தணிவாக ஓடியது. மச்சான் முன்கண்ணாடியைப் பார்த்தபடி ஏதோ சொன்னான். உதடு சரியாகத் தெரியவில்லை.

"சரி மச்சான், பண்ணிடலாம்," என்று தலையாட்டினார்.

மச்சான் பாட்டை நிறுத்தினான்.

"என்ன பண்ணிடலாம்?"

அவர் திரும்பி மச்சானின் உதட்டைப் பார்த்தார்.

"நாளையிலேருந்து வராதீங்க, வேற ஆள் பார்த்துட்டேன்னு சொன்னேன். சரின்னுட்டீங்க."

"உனக்கு யார் சொன்னது?"

"அக்காதான். எந்தப் பக்கம் உக்காந்து பேசணும்னும் அவதான் சொன்னா."

காலையில் அவள் சோற்றுப் பாத்திரத்தை வலப்பக்கமாக வந்து கொடுத்தது நினைவுக்கு வந்தது. தினமும் அப்படித்தான் கொடுக்கிறாள்.

மச்சான் பாட்டை மறுபடி போட்டான். திரையைப் பார்த்து, பேலன்ஸ் புள்ளியை நடுவுக்குச் சற்று இடப்பக்கமாக வைத்தான். கண்ணை மூடவில்லை. குரல் வலது கதவுக்குள் போய்விட்டது. தனக்கு மட்டுமா, எல்லோருக்குமா என்று அவருக்குத் தெரியவில்லை.

"இறங்குங்க மாமா. சார் உக்காரட்டும்."

வாடிக்கையாளர் உட்கார்ந்து கேட்டார்.

"இப்ப சரியா நடுவுல நிக்குது. யார் வச்சது?"

மச்சான் இப்போது அவருக்கு வலப்பக்கம் நின்றிருந்தான்.

"மாமாதான்," என்றான்.

அது அவருக்கு நன்றாகக் கேட்டது.