கயிறு பிடித்த குமாஸ்தா

"பாம்!" என்று ஹாரனை அலறவிட்டபடி பஸ் ஒன்று கடற்கரை மணலில் வந்து நின்றது. தூத்துக்குடித் துறைமுகத்தில் கப்பலிலிருந்து இறங்கிய வெள்ளைக்காரர்கள் பத்துப் பேர் கேமராவும் தொப்பியுமாகக் குதித்தார்கள். அவர்கள் வாங்கிய சுற்றுலா டிக்கெட்டில் 'முத்துக்குளிப்புக் காட்சி' என்று அச்சாகியிருந்தது. முத்துக்குளிப்பு நின்றே பத்து வருஷத்துக்கு மேலாகிவிட்டதை ஏஜென்ட் வன்னியபெருமாள் அவர்களிடம் சொல்லவில்லை.

அவர் கண்டுபிடித்த வழி வேறு. சங்கு குளிக்கும் ஜேசுதாசன், கண்ணாடி மணியை உள்ளே வைத்து மெழுகால் ஒட்டிய சிப்பிகளை இடுப்புப் பையில் மறைத்துக்கொண்டு மூழ்குவான். அவற்றையே கடலடியிலிருந்து அள்ளியதுபோல் மேலே கொண்டுவருவான். மணியை முத்தென்று விற்பது ஏஜென்டின் வேலை.

குளிப்பவன் இடுப்பில் கட்டிய கயிற்றை வள்ளத்திலிருந்து பிடித்து, அவன் இழுத்ததும் மேலே தூக்குபவன், குளிப்பவனுடைய மனைவியின் உடன்பிறந்தவனாக இருக்க வேண்டும் என்பது அங்கே வழக்கம். தங்கை தாலியறுக்க எந்த அண்ணன் விடுவான்? ஜேசுதாசனுக்கு மைத்துனன் கிருபாநிதி.

"அவன் எதுக்குலே? அந்த எடத்துல இன்னொரு வெள்ளைக்காரன ஏத்தலாம். நம்ம குமாஸ்தா தளவாய் எப்படியும் வாரான், அவனே புடிப்பான்" என்றார் வன்னியபெருமாள்.

"கயிறு மச்சான்ட்டதான் இருக்கணும் அண்ணாச்சி."

"பொய்க்குளிப்புக்கு எதுக்குலே மச்சான்? பத்து ரூவா கூடத் தாரேன், முங்கு."

ஜேசுதாசன் தலையாட்டிவிட்டான்.

கடலடியில் அவன் கால் வள்ளத்தின் நங்கூரக் கயிற்றில் சிக்கிக்கொண்டது. இடுப்புக் கயிற்றை இழுத்தான். மறுபடியும் இழுத்தான். மேலே தளவாய் கயிற்றை நழுவவிட்டு, மறுபக்கம் குனிந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தான். மனம் கேளாமல் கட்டுமரத்தில் பின்னாலேயே வந்திருந்த கிருபாநிதிதான் கயிறு நழுவியதைக் கண்டு பாய்ந்து, காலை விடுவித்துத் தூக்கி வந்தான். ஜேசுதாசனின் மூக்கிலும் காதிலும் ரத்தம். வள்ளத்திலிருந்த வெள்ளைக்காரர்கள் எழுந்து நின்று கை தட்டினார்கள்.

கரையில் வன்னியபெருமாள் ஜேசுதாசனின் இடுப்புப் பையிலிருந்து ஒரு சிப்பியை எடுத்துப் பிளந்து, கண் கலங்க நின்ற வெள்ளைக்கார அம்மாளிடம் மணியை விற்றார். பிறகு மணலில் கிடந்தவனிடம் குனிந்தார்.

"ரசிச்சிட்டாவலே! அடுத்த கப்பலுக்கும் இதே மாதிரி ரத்தம் காட்டு."

ஜேசுதாசன் தள்ளாடி எழுந்தான். கழற்றி வைத்திருந்த சட்டையின் பையிலிருந்து, சிப்பிகளில் வைத்ததுபோக மிஞ்சிய கண்ணாடி மணிகளை அள்ளி, அந்த அம்மாளின் உள்ளங்கையில் கொட்டினான். எல்லாம் ஒரே அளவு, ஒரே பளபளப்பு. அவள் தன் 'முத்தை' அவற்றின் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். முகம் செத்துப்போயிற்று.

"எம் பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டியே, பாவி!" என்று சீறினார் வன்னியபெருமாள்.

ஜேசுதாசன் மூக்கு ரத்தத்தைப் புறங்கையால் துடைத்தான்.

"நீரும் நானும் பொய்ய வித்தோம் அண்ணாச்சி. அதான் நான் நெசமாவே சாகக் கெடந்தப்பவும் கை தட்டுனாவ."