உதவி வேணாம்னு போட்ட டிக்

ப்ரிட்டாவுக்குத் தூக்கம் வரல. மணி பன்னெண்டைத் தாண்டிடுச்சு. அவ அப்பா கர்ட்டிஸ், அமெரிக்காவுல அவங்க இருக்குற டுலூத் ஊரு ரோட்டுலெல்லாம் பனி தள்ளுற வண்டியை ஓட்டிட்டு இப்பத்தான் வந்து, அடுப்புக்கிட்ட நின்னபடியே சீஸ் வச்ச ரொட்டியைத் தின்னுட்டிருந்தாரு.

"அப்பா, ஒண்ணு சொல்லணும். கத்தக் கூடாது."

"வாய் நெறைய ரொட்டி. எங்கேருந்து கத்த? சொல்லு."

காலேஜ் விண்ணப்பத்துல 'உதவித்தொகை கேப்பீங்களா?'ன்னு ஒரு கேள்வி. ப்ரிட்டா 'இல்ல'ன்னு டிக் பண்ணிட்டா. கேக்குறவங்களைக் கழிச்சு விட்டுடுவாங்கன்னு கூடப் படிக்கிற வான்ஸ் சொல்லியிருந்தான். அந்தக் காலேஜும் மறைக்கல. கடைசிக் கொஞ்சம் சீட்டுக்கு, யாரால பணம் கட்ட முடியும்னும் பாப்போம்னு எழுதியே வச்சிருந்துச்சு. மொதல்ல சீட்டைப் பிடிப்போம், பணத்தை அப்புறம் கேட்டுக்கலாம்னு இவ நெனப்பு.

சாயங்காலம் அங்கேருந்து மெயில். 'உதவி வேணாம்னு நீங்க சொல்லியிருக்கீங்க. உங்க அப்பாவோ வருமான விவரமெல்லாம் அனுப்பியிருக்காரு. எது சரி? நாளைக்குள்ள சொல்லுங்க. வேணாம்னா, சேர்ந்த பிறகு ரெண்டு வருஷத்துக்குக் கேக்க முடியாது.'

எல்லாத்தையும் சொல்லி முடிச்சுட்டு, "நீங்க எப்பப்பா அனுப்புனீங்க?"ன்னு கேட்டா.

"அக்டோபர்லயே. வரிக் காகிதம், வீட்டுக் கடன் எல்லாம். கூட மூணு பக்கத்துக்குக் கடுதாசி. உன் பல்லுக்குக் கம்பி கட்டுன செலவைக்கூட விடல."

"பல்லையுமா?" அவ மூஞ்சியைக் கையால மூடிக்கிட்டா. "கேட்டா சீட்டு போயிடும்ப்பா."

"கேக்காம கெடச்சா மட்டும்? வருஷத்துக்கு எண்பதாயிரம் டாலர். நான் ஜூலை வெயில்லயும் பனி தள்ளணும்."

சிரிப்பு வந்துடுச்சு அவளுக்கு. அடக்கிக்கிட்டு மெதுவாச் சொன்னா: "உங்களால முடியாதுன்னு எழுத ஒரு மாதிரி இருந்துச்சுப்பா."

"முடியாதுதான், கண்ணு. அதைத்தான் நானே மூணு பக்கம் எழுதிட்டேனே. நீ ஒரு வரி எழுத இவ்வளவு யோசிக்கிற."

ப்ரிட்டா லேப்டாப்பைத் தொறந்தா. 'அப்பா அனுப்புனதுதான் சரி. எங்களுக்கு உதவி வேணும். நான் தப்பா டிக் பண்ணிட்டேன்.' கர்ட்டிஸ் கண்ணாடியை மாட்டி ஒரு தடவை படிச்சுட்டு, சரின்னு தலையாட்டுனாரு. அனுப்பிட்டா.

சீட்டு கெடைக்குமான்னு இன்னும் தெரியாது. கைநழுவிப் போகவும் சான்ஸ் இருக்கு. ஆனா கெடச்சா, உதவித்தொகையோட நெசமாவே காலேஜ்ல சேரலாம். மாடிக்குப் போய்ப் படுத்தவ, போர்வையை முழுசா இழுக்குறதுக்குள்ள தூங்கிட்டா.