இருளாண்டி போன ரோடு

உக்குவளைக்கு மேலே இருக்கிற அந்த ரப்பர் தோட்டத்தில் துரையின் கார் வந்தால் தொழிலாளி ரோட்டோரமாகத் தண்ணீர் ஓடுகிற கானுக்குள் இறங்கி நிற்க வேண்டும். தலைத்துண்டு கக்கத்துக்குப் போய்விட வேண்டும். குடை பிடித்திருந்தால் மடக்க வேண்டும். எந்தச் சட்டத்தில் இருக்கிறது என்று கேட்டால் ஒருவனுக்கும் தெரியாது. சுதந்திரம் கிடைத்துப் பத்து வருஷமாகி, வெள்ளைத்துரை கப்பலேறி, கொழும்பில் படித்த நம்மூர்த் துரை பங்களாவில் வந்து குந்திய பிறகும் அந்த வழக்கம் மட்டும் அசையவில்லை.

இருளாண்டி அந்தக் கானுக்குள் எத்தனை ஆயிரம் தடவை இறங்கியிருப்பாரோ, ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம். ஒரு தீபாவளிக்கு பதுர்தீன் நானா கடையில் ஆசைப்பட்டு ஒரு கறுப்புக் குடை வாங்கினார். கடையிலிருந்து தோட்டத்து எல்லை வரைக்கும் ஜோராக விரித்துப் பிடித்து வருவார். எல்லைக்கல்லைக் கண்டதும், எந்நேரம் கார் வருமோ என்று மடக்கிவிட்டு, நனைந்தபடியே தொழிலாளிகள் குடியிருக்கிற லயத்துக்கு வந்து சேருவார்.

"மனுசன் தொப்பலா நனைஞ்சு வாறாரு, கொடைய மட்டும் நனையாமக் கொண்டாறாரு பாருங்கடி!" என்று பெண்சாதி காத்தாயி லயமே கேட்கக் கேலி பண்ணுவாள். அவரும் சிரித்துவிட்டுத் தலையைத் துவட்டுவார்.

அந்த ஐப்பசி மழையில் காய்ச்சல் கண்டு படுத்தவர் எழும்பவில்லை. பாடை புறப்பட்டபோது தூறிக்கொண்டிருந்தது. குழியில் அவரோடு வைத்துவிடச் சொல்லலாம் என்று காத்தாயி அந்தக் குடையைக் கையில் எடுத்துக்கொண்டாள். பெண்கள் பிள்ளையார் கோயில் திருப்பத்தோடு நின்றுவிட வேண்டும். மயானத்துக்கு ஆண்கள் மட்டும்தான் போவார்கள்.

திருப்பத்தை எட்டும்போதுதான் எதிரே ஹோர்ன் சத்தம் கேட்டது. துரையின் கார். ரோடோ ஒரு கார் போகிற அகலம்.

"ஒதுங்குங்கடா! பாடையக் கானுல எறக்குங்கடா!" என்று பெரிய கங்காணி முத்துவீரன் முன்னால் ஓடி வந்தார்.

முன்னால் போன தப்பு மேளத்தின் சத்தம் நின்றது. பாடை தூக்கியவர்கள் கங்காணி சொல்லி முடிக்கும் முன்பே ஓரத்துக்குத் திரும்பிவிட்டார்கள். கொள்ளிச்சட்டியோடு முன்னால் போன மகன் பொன்னையாவின் ஒரு கால் கானுக்குள் இறங்கியும்விட்டது.

"ஏறுடா மேல!" என்று காத்தாயி கத்திக்கொண்டு கூட்டத்தை விலக்கி ஓடினாள். "உசுரோட எறங்குனது போதாதா இந்த மனுசன்? பொணமாவும் எறங்கணுமா?"

"அம்மா, பேர வெட்டி, வேலையில்லேன்னு பத்துச்சீட்டுக் குடுத்துருவாங்க," என்றான் பொன்னையா. "லயத்த விட்டு வெரட்டிட்டா இந்த மழையில எங்கம்மா போறது?"

அவளுக்கும் பயம்தான். பொன்னையாவின் பிள்ளைகள் இரண்டும் லயத்து வாசலில் நின்றது கண்ணுக்குள் வந்துபோனது. ஆனாலும் குடையை விரித்துப் புருஷனுடைய முகத்துக்கு மேலே பிடித்துக்கொண்டு நடுரோட்டில் நின்றாள்.

"வெரட்டுனா போவோம்டா. இவரு இப்ப ரோட்டுல போகட்டும்."

"காத்தாயி, ஒனக்கென்ன புத்தி கெட்டுப்போச்சா?"

"ஆமா கங்காணியாரே, இன்னைக்குத்தான் கெட்டிச்சு. தொரைய பின்னால போகச் சொல்லுங்க. அவரு நாளைக்கும் இந்த ரோட்டுல வரலாம். இவரு இனிமே வரமாட்டாரு."

முத்துவீரன் ஓரத்துக்கு விலகினார். பொன்னையா காலைக் கானிலிருந்து எடுத்து ரோட்டில் வைத்தான். பாடையும் நடுவுக்குத் திரும்பியது. ஹோர்ன் இன்னும் ஒருமுறை அடித்துப் பார்த்தது. பிறகு கார் உறுமிக்கொண்டு பங்களா வாசல் வரைக்கும் பின்பக்கமாகவே நகர்ந்து போனது. தப்படிக்கிறவர்கள் அன்றைக்கு அடித்த அடி உக்குவளைக்கே கேட்டதாம்.

குடை குழிக்குப் போகவில்லை. காத்தாயி அதைப் பிடித்துக்கொண்டே லயத்துக்குத் திரும்பினாள்.

அவள் பயந்தது நடக்காமலா போகும்? மறுநாள் காலை பெரட்டுக் களத்தில் வேலைக்குப் பேர் கூப்பிட்டபோது பொன்னையாவின் பேர் வரவில்லை. பால் வெட்டப் போகிறவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். வாளிகளைக் கவிழ்த்து வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்தார்கள். ஒரு கிழமை, ஏழு நாளும் மரத்தில் கத்தி படவில்லை. மாத்தளையிலிருந்து தொழிற்சங்கத்துக்காரர்கள் வந்து பேசினார்கள், துரை கத்தினார், கடைசியில் பொன்னையாவின் பேரை முத்துவீரன் வாயாலேயே கூப்பிட வைத்தார்கள்.

அதற்குப் பிறகு ஒருநாள் காத்தாயி கடைக்குப் போய்விட்டு மழையில் குடையை விரித்துப் பிடித்து வந்துகொண்டிருந்தாள். பின்னால் கார் சத்தம். திரும்பிப் பார்க்கும் முன்பே குடை மடங்கிவிட்டது, கால் சேற்றில் நின்றது. குனிந்து பார்த்தாள். கானுக்குள் நிற்கிறாள்! அடக் கருமமே! அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது.

"அவரு பொணமாத்தான் ரோட்டுல போனாரு," என்று தன் காலைப் பார்த்தே திட்டினாள். "நீயும் பொணமாத்தான் போவியா?"

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ரோட்டில் ஏறினாள். குடையை விரித்து நடுவிலேயே நடந்தாள். லயத்துக்குத் திரும்புகிற வரைக்கும் கார் அவளுக்குப் பின்னால் மெதுவாக வந்துகொண்டிருந்தது.