இன்னும் கொஞ்சம் கீழே, ஹதானோ-சான்

…முதுகு நேராக இருக்க வேண்டுமாம், இடுப்பிலிருந்து மடிய வேண்டுமாம், கழுத்தை மட்டும் தொங்கப்போட்டால் ரயிலில் தூங்கி வழிகிறவன் மாதிரி இருக்கிறதாம், சொல்கிறவள் விளம்பரப் பிரிவு மினேகிஷி, என் மகள் வயதுதான் இருக்கும், நேற்றுவரை தாழ்வாரத்தில் என்னைக் கண்டால் சுவரோடு ஒட்டி நின்று வழிவிட்ட பெண், இன்றைக்கு என் முதுகில் விரல் வைத்து "இன்னும் கொஞ்சம் கீழ, ஹதானோ-சான்" என்கிறாள், நானும் குனிகிறேன், தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன முழம் என்ன. சாப்பாட்டு நேரம் முடிந்ததும் நேரலை. ஆறு வருடமாகச் செய்துகொண்டிருந்த வீடியோ விளையாட்டு வராது, இனி எப்போதும் வராது என்று சொல்லிவிட்டு, காத்திருந்தவர்கள் எல்லோரிடமும் தலைகுனிந்து மன்னிப்புக் கேட்க வேண்டும், தயாரிப்பாளர் நான்தானே, நாய் வேஷம் போட்டால் குரைத்துத்தான் ஆக வேண்டும். இந்த ஊரில் யார்தான் குனியவில்லை, பால் கெட்டுப்போனாலும் கம்பெனிப் பெரியவர்கள் நாலு பேர் வரிசையாக நின்று வழுக்கையைக் காட்டுவார்கள், அதையெல்லாம் டிவியில் பார்த்து நாங்கள் உடோன் நூடுல்ஸை உறிஞ்சிக்கொண்டே சிரிப்போம், "ரெண்டாவது ஆளப் பாருடா, பக்கத்து ஆள் நிமிந்துட்டானான்னு ஓரக்கண்ணால பாக்கறான்" என்று குரோசு, விளையாட்டில் உருவங்களை அசைய வைக்கிற என் பழைய கூட்டாளி, வாயில் இருந்ததைத் துப்பிவிடுவான், அப்படிச் சிரிப்பான்.

குரோசு மார்ச் மாதம் செத்துப்போனான். காலையில், அவன் மேஜையிலேயே, தரை துடைக்க வந்த அம்மாள்தான் பார்த்தாள், தூங்குகிறார் என்று நினைத்துச் சத்தமில்லாமல் சுற்றித் துடைத்துவிட்டுப் போயிருக்கிறாள், அப்படித்தான் தினமும் தூங்குவான் பாவி. வீட்டுக்குப் போடா, வீட்டுக்குப் போடா என்று நான் சொல்லாத நாள் உண்டா, சொன்னேன், சொல்லிவிட்டு அதே மூச்சில், விளையாட்டில் அந்த ஆற்றங்கரைக் காட்சி மட்டும் என்ன ஆச்சு என்று கேட்டேன், எந்த வாய் உண்மை, முதல் வாயா இரண்டாவது வாயா? அவன் போன பிறகு அந்த விளையாட்டை நகர்த்த ஆளில்லை, உள்ளே அவன் எழுதி வைத்த நிரலைப் படிக்கவே ஆளில்லை, அதனால்தான் நிறுத்துகிறோம், ஆனால் என் கையில் இருக்கிற தாளில் 'பல்வேறு சூழ்நிலைகளின் காரணமாக' என்று இருக்கிறது, குரோசுவுக்கு இப்போது அதுதான் பெயர், பல்வேறு சூழ்நிலைகள். ஒரே ஒரு தடவை அவன் பெயரைச் சொல்லட்டுமா என்று கேட்டேன். மினேகிஷி தரையைப் பார்த்தாள், "சட்டப் பிரிவுல கூடாதுன்னுட்டாங்க ஹதானோ-சான்… பேரச் சொன்னா வேலையாலதான் போனார்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடுமாம்… என்னை மன்னிச்சிடுங்க" என்று அவளும் குனிந்தாள், எனக்கு எதிரே அவள், அவளுக்கு எதிரே நான், பார்த்தால் குரோசு விழுந்து விழுந்து சிரித்திருப்பான்.

வாயை அடைத்துவிட்டார்கள், இனி இந்த முதுகுதான் பேச வேண்டும்… கயோகோ-சான் பார்க்கப்போகிறாள். குரோசுவின் மனைவி. போன வாரம் போன் செய்து, வீட்டுக்கு வந்து அவன் படத்துக்கு முன்னால் ஊதுபத்தி ஏற்றலாமா என்று கேட்டேன், கெட்டிலில் தண்ணீர் கொதிக்கிற சத்தம் கேட்டது, பிறகு ரொம்ப மரியாதையாகச் சொன்னாள், "வேண்டாம், உங்களுக்கு எதுக்குச் சிரமம். எல்லாருக்கும் முன்னாடி தலைகுனியப் போறீங்களாமே, அதை நான் பாத்துக்கறேன். அதுல அவருக்குன்னு ஏதாவது இருந்தா எனக்குத் தெரியும். பொய்யா அசையற எதுவும் எனக்குத் தெரிஞ்சிடும் ஹதானோ-சான், முப்பது வருஷம் அவரோட குடித்தனம் பண்ணியிருக்கேனே. இருந்தா வாங்க, இல்லேன்னா வராதீங்க." கத்தியிருக்கலாம், கொலைகாரா என்று திட்டியிருக்கலாம், அதைத் தாங்கியிருப்பேன், இதை எப்படித் தாங்குவது, ஒரே ஒரு வணக்கம், அதில் அவன் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த வாசல் எனக்கு இல்லை.

"மறுபடி ஒரு தடவை பாக்கலாமா?" பார்க்கலாம், குனிகிறேன், இல்லை, இது வேகம், தொப்பென்று விழுகிறது, கனமில்லை… கனம் எங்கிருந்து வரும், இறங்குவதற்கு முன்னால் வரும், அதைக் கண்டுபிடித்ததே நாங்கள்தானே, ஜுசோ பக்கத்தில், பேருந்துச் சத்தம் கேட்கிற எங்கள் பழைய மாடியறையில், முதல் விளையாட்டு, ஒரு குட்டி நீர்நாய், பொத்தானை அழுத்தினால் தாவும், அவ்வளவுதான் விளையாட்டு, ஆனால் அந்தத் தாவலுக்கு ஒரு கோடைக்காலம் முழுக்கச் செலவழித்தோம். தாவுவதற்கு முன்னால் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு ஒரு பதுங்கல் வேண்டும் என்றது நான், உச்சியில் ஒரு கணம் நிற்க வேண்டும் என்றது அவன், "டேய், மேல போனது உடனே கீழ வந்தா அது பந்துடா. கொஞ்சம் நிக்கட்டும். நின்னாத்தான் அதுக்கு ஆசை இருக்குன்னு தெரியும்." ஊரே அந்த நீர்நாயோடு தாவியது. அப்புறம் நான் மேலே போனேன், இயக்குநர், தயாரிப்பாளர், எதையும் கையால் தொட்டதில்லை, கூட்டத்தில் உட்கார்ந்தேன், தாள்களில் முத்திரை குத்தினேன், அவன் மட்டும் அதே நாற்காலியில் இருந்தான்… சரி, இறங்குவதற்கு முன் மூச்சை உள்ளே இழுத்தால்? தோள் ஒரு நூல் உயரும், பிறகு இறங்கு, மெதுவாக ஆரம்பித்துக் கடைசியில் இன்னும் மெதுவாக, அடியில் நில், பார்க்கிறவனுக்கு 'போதும்' என்று தோன்றும் அல்லவா, அதைத் தாண்டியும் நில், பிறகு நிமிரும்போது இறங்கியதைவிடத் தாமதமாக, தலை கடைசியில். இன்னொரு தடவை. கை கால்சட்டைத் தையலோடு உரசிக்கொண்டே போகட்டும். இன்னொரு தடவை. எத்தனை வருடம் ஆயிற்று இப்படி ஒன்றைக் கையில் வைத்து உருட்டி, உடம்பெல்லாம் சூடாக இருக்கிறது, பசிக்கிறது, ஐயோ, எனக்குச் சந்தோஷமாக அல்லவா இருக்கிறது!

நிமிர்ந்து பார்த்தால் மினேகிஷி அழுதுகொண்டிருக்கிறாள். "இதுதான் ஹதானோ-சான்… இதையே அப்படியே பண்ணிடுங்க. என்னால தாங்க முடியல" என்று கைக்குட்டையைத் தேடுகிறாள், கேமராக்காரர் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு நிற்கிறார். இவர்களை அழ வைத்தது குரோசுவா, நான் வைத்த இடைவெளியா? கயோகோவுக்கு இது தெரிந்துவிடும், அடியில் நிற்கிற அந்த நிற்றல் யாருடையது என்று அவளுக்குத் தெரியாதா, செத்தவன் கற்றுக்கொடுத்த வித்தையை அவன் சாவுக்கே போட்டுக் காட்டுகிறானே என்பாள், த்தூ. வேண்டாம், இதெல்லாம் வேண்டாம், தெருவில் தெரிந்தவரைப் பார்த்தால் குனிகிற மாதிரி குனிவோம், சும்மா, யோசிக்காமல்… குனிந்தேன், கோணலாக வந்தது, "என்ன ஆச்சு ஹதானோ-சான், முன்னாடி பண்ணினதுதானே நல்லா இருந்தது" என்றாள், ஆனால் அந்தக் கோணலும் எனக்குப் பிடித்துத்தான் இருந்தது, கால் சற்றுத் தடுமாறுவது உண்மை மாதிரி இருக்கிறது, வைத்துக்கொள்ளலாமா என்று தோன்றியது, பாருங்கள், கெடுக்கப் போனால் அதுவும் வேலையாகிவிடுகிறது. வேலையல்லாத ஒரு அசைவு இந்த உடம்பில் மிச்சம் இருக்கிறதா, அம்மா செத்தபோது எப்படிக் குனிந்தேன், ஞாபகமில்லை, அப்போது ஏதோ காலக்கெடு.

கேமராவில் சிவப்பு விளக்கு எரிந்தது, நேரலை. தாளில் இருந்ததைப் படித்தேன், பல்வேறு சூழ்நிலைகள், உங்கள் எதிர்பார்ப்பு, எங்கள் இயலாமை, குரல் என்னுடையதுதான், எங்கோ பக்கத்து அறையில் பேசுவது போல இருந்தது, தாளை மடித்து வைத்தேன், கருப்புக் கண்ணாடி வட்டத்துக்குள் பார்த்தேன், அந்தப் பக்கம் ஒரு சமையலறை, ஒரு கெட்டில், கையைக் கட்டிக்கொண்டு ஒருத்தி. ஒன்றும் செய்யாதே, குரோசுவை மட்டும் நினை. குனிந்தேன். தரையில் யாரோ ஒட்டிய வெள்ளைப் பட்டை, என் காலணி, அதன்மேல் விளக்கு, குரோசு, டேய் குரோசு, எழுந்திருடா, வீட்டுக்குப் போடா, ஆற்றங்கரை கிடக்கட்டும், நான் பார்த்துக்கொள்கிறேன், எழுந்து போடா… அப்போது வந்தது, கூப்பிடாமல், மார்ச்சிலிருந்து ஒரு தடவைகூட வராதது, மூக்கு நுனி வரை வழிந்து வெள்ளைப் பட்டையில் சொட்டென்று விழுந்தது, என் கண்ணீர், நிஜமாகவே என்னுடையது, கயோகோ-சான், பாருங்கள், இது நிஜம், என்று நெஞ்சு கதறும்போதே உள்ளே ஒருவன் தலையைச் சாய்த்துக்கொண்டு, 'சரியான இடத்தில் விழுந்தது, இன்னும் ஒரு கணம் நில்' என்றான், நான் நின்றேன்.